உப்பேறிய பழைய டார்ச்சை மறுபடி எரிய வைப்பது எப்படி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் எந்த ஊரில் பரணைத் துழாவினாலும் ஒரு மூணு கட்டை டார்ச், அதாவது மூன்று பெரிய பேட்டரி போடும் டார்ச், அகப்படும். அப்பா கடலுக்குக் கொண்டுபோனதாக இருக்கும். இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த சபராளி மாமா கொடுத்ததாக இருக்கும். ஒருநாள் எரியாமல் போனதும் "கெட்டுப்போச்சு" என்று மேலே தூக்கிப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டவை இல்லை. கட்டையிலிருந்து பல்புக்கு மின்சாரம் போகிற வழியில் எங்கோ உப்பும் களிம்பும் அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த வழியைத் திறந்துவிட்டால் பல டார்ச்சுகள் செலவே இல்லாமல் எரியும்.

பழைய டார்ச்சைக் கையில் எடுத்ததும் எல்இடி வாங்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். நம் கரையில் அது இரண்டாவது வேலை. உப்பை உள்ளே விட்டுவிட்டு எவ்வளவு நல்ல எல்இடி வைத்தாலும் அடுத்த வாடைக்காற்று முடிவதற்குள் மங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் சுத்தம் செய்வதற்குத்தான் அதிக இடம்.

எந்த டார்ச்சை எடுக்கலாம்

வீட்டில் இல்லையென்றால் காயலாங்கடைகளிலும் பழைய பாத்திரம் வாங்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போவது நல்லது. உடம்பில் காந்தம் பிடிக்காவிட்டால் பித்தளை அல்லது அலுமினியம். தூக்கிப் பார்த்தால் எடையில் வித்தியாசம் தெரிந்துவிடும். பழைய எவரெடி, ஜீப் டார்ச்சுகளில் பித்தளை மேல் குரோமியம் பூசியவை நிறைய உண்டு. பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்குமே தவிர இரும்பைப் போல ஓட்டை விழுந்து உதிராது. முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பித்தளைதான். காந்தம் இறுகப் பிடித்து, உள்ளே துரு பொரிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எவரெடி டார்ச்சில் யூனியன் கார்பைடு என்ற பெயர் இருந்தால் அது 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையது. அந்த நிறுவனம் கைமாறி எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறியது அப்போதுதான். புலித்தலை பொறித்த டைகர் ஹெட் டார்ச்சுகள் சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்தவை. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் அவையும் இருக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பின்மூடி இருக்கிறதா, அது மரை தவறாமல் ஏறுகிறதா? குழாயில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் கட்டை நுழையாது. உள்ளே இருக்கும் கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், பளபளப்பாக இருக்கிறதா? கண்ணாடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம், பிரேம் போடும் கடையில் வட்டமாக வெட்டித் தருவார்கள். பின்மூடி இல்லாததை மட்டும் எடுக்காதீர்கள். வேறு டார்ச்சின் மூடி அதன் மரைக்குப் பொருந்துவது அபூர்வம்.

கருவிகள் என்று பார்த்தால் வோல்ட்டும் மின்னோட்டமும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், பென்சில் அழிப்பான், காது குடையும் பஞ்சுக்குச்சி, 1000 நம்பர் உப்புத்தாள் ஒரு துண்டு, பழைய பல்துலக்கி. சுத்தம் செய்வதோடு நிறுத்துகிறவர்களுக்குச் சால்டரிங் அயர்ன்கூடத் தேவையில்லை.

உள்ளே சிக்கிய கட்டை

பரணில் கிடந்த டார்ச்சுக்குள் பழைய கட்டை ஊதிப் போய் இறுகியிருப்பது வழக்கம். பின்பக்கமாகப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலான பழைய டார்ச்சுகளில் தலைப்பகுதியும் கழலும். தலையைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கமிருந்து குழாய்க்குள் நுழையும் அளவு மரக்குச்சியை வைத்து லேசாகத் தட்டித் தள்ளுங்கள். வரவில்லையென்றால் குழாயை வெந்நீரில் ஓர் இரவு நிற்க வைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கட்டையின் நடுவில் நீளமான மர ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி ஏற்றி, குறடால் பிடித்து இழுக்கலாம். இது சாதாரண உலர் கட்டைக்கு மட்டும்தான். சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல்லில் ஸ்க்ரூவோ ஆணியோ பட்டால் தீப்பிடித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அலுமினிய டார்ச்சுக்குள் ஆல்கலைன் கட்டை கசிந்திருந்தால் அந்தக் காரம் அலுமினியத்தையே தின்றிருக்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு டார்ச் தேடுவது நல்லது.

கசிவும் உப்பும்

கசிவு எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் கழுவ வேண்டும். மலிவு விலைக் கட்டைகள் பெரும்பாலும் துத்தநாக-கார்பன் வகை. அவற்றின் கசிவு அமிலத் தன்மையுள்ளது, பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து, பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். ஆல்கலைன் கட்டையின் கசிவு வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும். அது காரம், வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். எதைப் போட்டாலும் பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

அலசுவதில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கரையோரக் கிணறுகளும் போர்களும் பல இடங்களில் உவர்நீர்தான். அதில் அலசிக் காயவைத்தால், எடுத்த உப்பைவிட அதிக உப்பைத் திரும்ப ஏற்றியதாகிவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சித் தானே கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதைவிடக் காய்ந்த காற்றிலேயே ஈரம் பிடிக்கும். மழையே பெய்யாத இரவிலும் டார்ச்சுக்குள் ஈரப்பசை இருப்பது இதனால்தான். கடைசி அலசலை மட்டும் காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல டார்ச்சுகளுக்கு வரும். அலசியதும் உதறி, உச்சி வெயிலில் அரைநாள் கவிழ்த்து வையுங்கள். ரிஃப்ளெக்டரும் பிளாஸ்டிக் பாகங்களும் நிழலில் காயட்டும்.

பித்தளையை மெருகேற்றப் புளி போதும். வீட்டில் பாத்திரத்துக்கு வழக்கமாகச் சேர்க்கும் உப்பை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். மரை இடுக்கில் தங்கினால் திரும்பக் களிம்பு ஏறும். குரோமியப் பூச்சு இருக்கும் இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. அந்தப் பூச்சு மிக மெல்லியது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துருப்புள்ளிகள் கீறலில்லாமல் எழுந்துவரும். அதற்கு மேல் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

மின்சாரம் போகும் வழி

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரும்பு, பித்தளை டார்ச்சுகளில் உடம்பும் கம்பியாக வேலை செய்கிறது. மின்சாரம் கட்டையின் மேல்மூக்கிலிருந்து பல்பின் அடிக்குப் போய், பல்பின் பக்கவாட்டு விளிம்பு வழியாகக் கிண்ணத்துக்கும், அங்கிருந்து சுவிட்சின் செப்புத் தகட்டுக்கும், உடம்புக்கும், பின்மூடியின் மரைக்கும், ஸ்பிரிங்குக்கும் வந்து கட்டையின் அடியில் முடிகிறது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலும் தொடும் இடங்கள் உண்டு. இவற்றில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். அரை ஆம்பியர் இழுக்கும் பல்பில், வழியில் மொத்தம் ஒரு ஓம் தடை சேர்ந்தாலே அரை வோல்ட் காணாமல் போகும். ரெண்டு கட்டை டார்ச்சில் இருப்பதே 3 வோல்ட்தான்.

எங்கே தடை என்று கண்டுபிடிக்க முதலில் உடம்பை விட்டுவிட்டுச் சோதியுங்கள். புதுக் கட்டைகளை வரிசையாக மேசையில் வைத்து, ஒரு துண்டு ஒயரால் பல்பை நேரடியாகத் தொட்டு எரிய விடுங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்து, டார்ச்சுக்குள் போட்டதும் மஞ்சளாக மங்கினால் குற்றம் உடம்பில்தான்.

அடுத்தது மல்டிமீட்டர். பின்மூடியைக் கழற்றிவிட்டு, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சிவப்பு ஒயரை அதற்குரிய துளைக்கு மாற்றுங்கள். சுவிட்சைப் போட்ட நிலையில் ஒரு முனையைக் கடைசிக் கட்டையின் அடியிலும் மறு முனையைக் குழாயின் விளிம்பிலும் அழுத்துங்கள். பல்ப் எரியும், மீட்டரில் மின்னோட்டம் தெரியும். பல்பின் கழுத்தில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று இருக்கும் பல்ப் 0.2 கூட இழுக்கவில்லையென்றால் வழியில் அடைப்பு இருக்கிறது. மீட்டர் வழியாக நன்றாக எரிந்து, மூடியைப் போட்டதும் மங்கினால் மரையோ ஸ்பிரிங்கோதான் காரணம். சோதித்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட் ஆகி மீட்டர் கெட்டுவிடலாம்.

இப்போது ஒவ்வொரு தொடும் இடமாக எடுங்கள். பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டை அழிப்பானால் தேயுங்கள். கிண்ணத்தில் பல்பின் விளிம்பு உட்காரும் வளையத்தை உப்புத்தாளால் ஒரு சுற்று தேயுங்கள். மரைகளைப் பல்துலக்கியால் உலர்ந்த நிலையிலேயே தேய்த்து, பழைய அழுக்கை எடுத்துவிடுங்கள். குழாயின் பின்விளிம்பில், மூடியின் உள்பக்கம் அழுந்தும் இடத்தில், உலோகம் வெறுமையாகத் தெரிய வேண்டும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் பசையாகத் தங்கும்.

ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் பேனா ஸ்பிரிங்கை மாற்றிப் போடும் பழக்கம் உண்டு. அது மெல்லிய எஃகு. தடை அதிகம், சூடும் ஏறும். பழைய ஸ்பிரிங்கையே சுத்தம் செய்து, அதன் மேல்முனைக்கும் அடிமுனைக்கும் இடையில் மெல்லிய செப்பு இழை ஒயர் ஒன்றைத் தளர்வாக ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள். மின்சாரம் ஒயர் வழியாகப் போகும், ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் கொடுக்கும். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதற்கு நிகராக எனக்கு வேறொன்றும் தெரியாது.

சுவிட்சை மட்டும் பிரிக்காதீர்கள். அது ரிவெட் அடித்தது. பிரித்தால் திரும்பப் பழையபடி உட்காராது. உள்ளிருக்கும் செப்புத் தகட்டைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அழுத்தம் குறைந்திருந்தால் மரக்குச்சியால் மிக லேசாக வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு பீச்சி, சுவிட்சைப் பலமுறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது முதலில் சுகமாகத்தான் இருக்கும், நாளடைவில் பிசினாகித் தூசியைக் கட்டிக்கொள்ளும். அப்புறம், குழாயின் உள்சுவரில் அட்டையோ தாளோ சுற்றியிருந்தால் அதைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். கட்டை உடம்பில் உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க வைத்தது அது. நைந்திருந்தால் புதிய மெல்லிய அட்டை சுற்றுங்கள்.

கிண்ணத்தைத் தொடாதீர்கள்

ரிஃப்ளெக்டரின் உள்பக்கம் துணியோ விரலோ படக்கூடாது. பூச்சு ஒரு தேய்ப்பில் கலைந்துவிடும். தூசியை ஊதிவிட்டு, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். அங்கங்கே புள்ளி இருந்தாலும் ஒளி பெரிதாகக் குறையாது.

எல்இடி போடுவது

பழைய பல்பின் மஞ்சள் வெளிச்சமே போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நண்டு வலைக்குப் போகும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது: "வெளிச்சத்தக் கூட்டிக்க தம்பி, ஆனா சுவிட்ச மட்டும் மாத்திராத. இருட்டுல கை அதத்தான் தேடும்." அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம், எந்த மாற்றம் செய்தாலும் பழையதைத் திரும்பப் பொருத்துகிற மாதிரியே செய்வது. துளை போடுவதில்லை, உடம்பை வெட்டுவதில்லை.

புதியவர்களுக்குச் சரியானது ரெடிமேடாக வரும் எல்இடி பல்ப். பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். அது மரை உள்ளதா, வழுவழுப்பான கழுத்தில் விளிம்பு வைத்ததா என்று பார்த்து அதே மாதிரி வாங்க வேண்டும். உறையில் போட்டிருக்கும் வோல்ட் எல்லையைப் படியுங்கள். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ரெண்டு கட்டை டார்ச்சில் புதுக் கட்டையில்தான் 3 வோல்ட் இருக்கும், கொஞ்சம் இறங்கினாலே மங்கிவிடும். அதனால் ரெண்டு கட்டைக்கு, உள்ளேயே வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் உள்ள பல்பாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பல்புக்குக் கட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் எரியும். எல்இடிக்கு மூக்கு பல்பைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். "எல்இடி எரியவில்லை" என்று வருபவற்றில் சில இதனால்தான்.

வெளிச்சத்தின் நடுவில் கருப்பு வளையம் தெரிந்தால், எல்இடி பழைய பல்பின் இழை இருந்த உயரத்தில் இல்லை என்று அர்த்தம். தலையை முறுக்கிப் போக்கஸ் செய்யும் டார்ச்சானால் அதிலேயே சரிப்படுத்தலாம். மற்றவற்றில் பல்பின் விளிம்புக்கு அடியில் மெல்லிய செப்பு வளையம் ஒன்றைச் செருகி உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

சொந்தமாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: சுட்டுப்போன பல்பைத் துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டு, அதன் அடிப்பாகத்தில் 1 வாட் எல்இடியை ஒரு சின்னப் பித்தளைத் திருகின் தலைமேல் ஒட்டி நிறுத்தலாம். எல்இடியின் சூட்டை இழுக்க அந்த உலோகம் அவசியம். எல்இடியின் அடி உலோகத்துக்கும் அதன் கால்களுக்கும் மின் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்துகொண்டு ஒட்டுங்கள். மூணு கட்டைக்கு, மின்னோட்டத்தை மட்டுப்படுத்த 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். 4.5 வோல்ட்டில் எல்இடி ஏறக்குறைய 3.1 எடுத்துக்கொள்ள, மீதி 1.4 வோல்ட்டை 4.7 ஓமால் வகுத்தால் 0.3 ஆம்பியர். அந்த எல்இடியின் எல்லை 0.35, அதற்குள் அடங்கிவிடுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான மஞ்சள் கலந்த வெள்ளையை நான் விரும்புகிறேன். நீலம் தூக்கலான வெள்ளைக்கு வரும் அளவு பூச்சி அதற்கு வருவதில்லை. தனுஷ்கோடிப் பக்கம் மணலில் இரவில் நடக்கிறவர்கள் கடல் ஓரத்தில் எந்த டார்ச்சையும் அணைத்துவிடுவது நல்லது. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி தேடும். நம் வெளிச்சம் அவற்றைத் தரைப்பக்கம் திருப்பிவிடும்.

கழற்றிய பழைய பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். பல டார்ச்சுகளில் பின்மூடி ஸ்பிரிங்கின் நடுவே உபரி பல்ப் வைக்க இடம் விட்டிருப்பார்கள். பஞ்சு சுற்றி அங்கே வைத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றும் செல்

தினமும் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கட்டை வாங்கிக் கட்டுப்படியாகாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் மூன்று, அவற்றைப் பெரிய கட்டை அளவுக்கு ஆக்கும் பிளாஸ்டிக் உறை மூன்று, ஒரு சார்ஜர் வாங்கினால் போதும். செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் 3.6 வோல்ட் வரும். வெள்ளை எல்இடிக்கு அளவெடுத்த மாதிரி. சொந்தமாகச் செய்த எல்இடியானால் ரெசிஸ்டரை 2.2 ஓமுக்கு மாற்றுங்கள். 2000 மில்லிஆம்பியர்-மணி செல்லில் ஏழெட்டு மணி நேரம் வரும். இந்த செல்கள் கசிவதும் குறைவு, நம் கரைக்கு அது பெரிய லாபம்.

18650 என்ற அளவில் வரும், சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல்லில் வெளிச்சம் இன்னும் கூடும்தான். ஆனால் உலோகக் குழாய்க்குள் அதன் மேலுறை கிழிந்தால் நேரடி ஷார்ட். முதல் டார்ச்சுக்கு அது வேண்டாம். பிறகு போடுவதானாலும் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள புது செல்லாக வாங்குங்கள், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியது வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

மூடுவதற்கு முன்

கண்ணாடிக்கு அடியிலும் பின்மூடியிலும் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போடுங்கள். ரப்பருக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் பூச வேண்டும், வாசலின் பட்டால் ரப்பர் உப்பிவிடும். வாசலினை ஸ்பிரிங்கிலும் மரையிலும் மட்டும், துடைத்தாற்போல மெல்லியதாகத் தடவலாம்.

இவ்வளவு செய்தாலும் சுவிட்சின் பிளவு வழியே தண்ணீர் போகும். தெறிக்கும் நீரைத் தாங்கும், முங்கினால் தாங்காது. வல்லத்திலோ விசைப்படகிலோ போகிறவர்கள் இதோடு நீர்புகாத விளக்கு ஒன்றையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு வீட்டிலேயே ஒரு மணி நேரம் எரியவிட்டு, தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை சுட்டால் எல்இடி அதிகம் இழுக்கிறது, ரெசிஸ்டரை ஒரு படி கூட்டுங்கள். கரைக்குப் போய்வந்த நாளெல்லாம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின்மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் கட்டையை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.